சின்ன அறையில் மட்டும் ஏறிய சார்ஜ்

இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். பிரின்ஸ்டனையும் டிலானியையும் நேரில் தெரிந்தவர்கள் யாரும் சிரித்ததில்லை. இது பாரிசின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நடந்தது. பேய் வருவதற்கென்று நாம் வைத்திருக்கும் நேரத்தில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், வெளியே கடைத்தெருவில் சனம் முட்டி மோதிக்கொண்டிருந்த நேரத்தில்.

பிரின்ஸ்டன் மன்னாரான். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்கோ கந்தோரில் வேலை. கலியாணமாகி இரண்டாம் வருடம், மனைவி டிலானியோடு புறநகரான ஸ்தேனிலிருந்து அந்தத் தெருவுக்குக் குடிவந்திருந்தான். மூன்றாம் மாடி, பழைய கட்டடம். வந்து சில நாட்களிலேயே, அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்த புது டப்லெட் கணினி ஒன்றை ஆசையாக வாங்கிவந்தான். கந்தோரில் அது பறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் செத்துக் கிடந்தது. இன்டர்நெற் பொக்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வீஃபீ வந்து வந்து அறுந்தது. சார்ஜரில் போட்டால், ஏறவில்லை என்று மூலையில் எழுத்து விழுந்தது.

வாங்கிய கடைக்குப் போன் எடுத்துச் சொன்னான். "புதுச் சாமான், முசியே. எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அப்டேட் வரும், பொறுங்கள்" என்றார்கள்.

பொறுத்தார்கள்.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும், பிரின்ஸ்டன் குசினியில் விளைமீன் வெட்டத் தொடங்கினான். டிலானிக்கு மன்னாரில் இருக்கும் தாயோடு கதைக்க வேண்டும். டப்லெட்டையும் சார்ஜரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தாள். கடைசியில், கட்டவிழ்க்காத பெட்டிகள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் இருந்து கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! இஞ்சை முழுசா வருது!"

"சார்ஜ்?"

"ஓம், அதுவும் ஏறுது! கிடுகிடெண்டு ஏறுது!"

அவனுக்குச் சந்தோசம். சாமான் பழுதில்லை, வீட்டு வயரிங்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு மீனின் தலையை வெட்டினான். டிலானி சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துகொண்டு தாயோடு கதைப்பது கேட்டது. சத்தமாக வைத்திருந்தாள். தாயின் குரலும் தெளிவாக வந்தது.

"பிள்ளை, மருமகன் பக்கத்திலையோ இருக்கிறார்?"

"இல்லையம்மா. அவர் குசினியிலை."

"அப்ப ஆர் அது... மூச்சு வாங்கிற சத்தம் கேக்குது?"

டிலானி சிரித்தாள். "லைன் இரைச்சலம்மா."

"இல்லைப் பிள்ளை. உனக்குக் கிட்டத்தான்..."

டம்.

சுவரில் ஏதோ மோதிய சத்தம். பெட்டி விழுந்திருக்கும் என்று நினைத்தான்.

டம். டம்.

பெட்டி விழுகிற சத்தமில்லை அது. பொதுபொதுவென்று, உள்ளே எலும்பு இருக்கிற சத்தம்.

"டிலா?"

தாயின் குரல் மட்டும், "பிள்ளை... பிள்ளை..." என்று கதறியது.

கத்தியோடு ஓடினான். அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பூட்டே கிடையாது. தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். கதவு கொஞ்சம் விலகி, மறுபடி அவன் முகத்தில் வந்து அறைந்தது. உள்ளேயிருந்து யாரோ உதைத்தது போல.

மூன்றாம் இடியில் திறந்தது.

டிலானி சுவரோடு நின்றாள்.

நிற்கவில்லை... கால்கள் நிலத்தில் படவில்லை.

கழுத்து உள்ளே அமுங்கியிருந்தது. தோல் தானாகக் குழிந்து போயிருந்தது. கண்கள் பிதுங்கி அவனைப் பார்த்தன. பின்னந்தலை சுவரில் போய் மோதியது. ஒருதரம். இன்னொருதரம். சுவரில் இரத்தம்.

முன்னால் யாரும் இல்லை.

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். வாயில் ஓர் அடி விழுந்தது. பல் உடைந்து நாக்கில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவளுக்கு முன்னாலிருந்த வெறும் காற்றில் கத்தியை ஓங்கிக் குத்தினான்.

கத்தி இறங்கியது.

இறைச்சியில் இறங்குவது போல... மெதுவாக.

இழுக்க முடியவில்லை. விட்டுவிட்டான். கத்தி கீழே விழவில்லை. அந்தரத்தில் நின்றது. பிறகு, அவன் பக்கம் திரும்பியது.

நிலத்தில் டப்லெட் வெளிச்சமாகக் கிடந்தது. ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. சார்ஜர் வயரைக் காலால் கொழுவி இழுத்தான்.

பிளக் கழன்றது.

கத்தி விழுந்தது.

டிலானி விழுந்தாள்.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கத்தியையும் எடுத்துக்கொண்டு, படிக்கட்டுக்கு ஓடினான். கீழ்வீட்டு அருள்மலர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். கையில் தொலைபேசி.

"ஐயோ தம்பி, என்னடா செய்துபோட்டாய்?"

"நான் இல்லையக்கா..."

இரத்தம் வழிகிற வாய். கையில் கத்தி. தோளில் பெண்சாதி. அவர் பொலிசுக்கு ஏற்கெனவே அடித்திருந்தார்.

டிலானியை ஆஸ்பத்திரிக்கும் அவனைப் பொலிஸ் நிலையத்துக்கும் கொண்டுபோனார்கள். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அவன் கேட்டான். வீட்டில் வேறு யார் இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. அந்த உண்மையே அவன் கழுத்தில் கயிறாக விழுந்தது. டிலானி கண்விழித்து, அவர் செய்யவில்லை என்று தலையை ஆட்டியபோதும் பொலிஸ் நம்பவில்லை. அடிபட்ட மனைவிமார் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றது.

மறுநாள் பின்னேரம் விசாரித்த பெண் அதிகாரி அறைக்குள் வந்தார். முதல்நாள் இருந்த அதட்டல் அவரிடம் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, டிலானியின் கழுத்துப் படத்தை அவன் முன்னால் வைத்தார். டொக்டர் அதில் நீலப் பேனையால் கோடு போட்டிருந்தார்.

"உங்களை விடுகிறோம்" என்றார். "உங்கள் இரண்டு கையால் இப்படிப் பிடிக்க முடியாது. யாருடைய இரண்டு கையாலும் முடியாது."

பிரின்ஸ்டன் குனிந்து பார்த்தான். விரல் தடங்கள் கறுத்துப் போயிருந்தன. பெருவிரல் தடம் இரண்டு. இரண்டும் கழுத்தின் ஒரே பக்கத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக.

இரண்டுமே இடது கை.