முறை வைத்து ஏற்றிய ஏழு தோட்டாக்கள்

1. துணிக்கு அடியில் கிடந்தது

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி கடந்து பத்து நிமிடம் இருக்கும். வேலை மேசையைத் துடைக்க எண்ணெய்த் துணியைத் தூக்கினேன். அதன் அடியில் ஒரு தோட்டா கிடந்தது. அரை மணி நேரத்துக்கு முன் வந்துபோன வாடிக்கையாளர், ஃபிராவ் லிண்ட்னர் என்ற பெண்மணியுடையது. ஏழு தோட்டாக்கள் கொண்டுவந்தவர், ஆறுடன் திரும்பிப் போயிருக்கிறார். எடுத்துப் பத்திரப்படுத்துவோம் என்று கடையின் புதுத் தோட்டாப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பெட்டிக்கு வெளியே ஒரு புதுத் தோட்டாவும் நின்றது.

இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு. ஆனால் அவருடையது குள்ளமாக இருந்தது.

நுண்ணளவு பார்க்கும் வேர்னியரை எடுத்து அளந்தேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். கார் கதவில் ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. கட்டைவிரல் அளவுத் தோட்டாவில் அது பெரிய இடம். முனையிலுள்ள குண்டு பித்தளைக் கோதுக்குள் அமுங்கிப் போயிருக்கிறது என்று பொருள். உள்ளே வெடிமருந்து அதே அளவு, இடம் மட்டும் குறைவு. சுடும்போது அழுத்தம் ஏறும். சில வேளை ஒன்றும் ஆகாது. சில வேளை கோது கிழியும், துப்பாக்கி உடையும், பிடித்திருக்கும் கைக்கும் பார்த்திருக்கும் கண்ணுக்கும் கேடு வரும்.

மற்ற ஆறும் அவர் பையில் இருந்தன. அவற்றைச் சுடப் போய்க்கொண்டிருந்தார். அப்படிச் செய்யச் சொன்னவன் நான்.

2. "இன்னும் பலமானது தாங்கோ"

நான் ஊரில் கடைச்சல் பட்டறையில் நின்றவன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, வதிவிட உரிமை கிடைத்த பிறகு, கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு துப்பாக்கி திருத்தும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் துவக்குப் பட்டறையில் நிற்கிறான் என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். சம்பளம் ஒழுங்கு, மைஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் பட்டறைத் தலைவர் நல்ல மனிதர். படித்துப் பெற்ற சான்றிதழ் என்னிடம் இல்லை. மைஸ்டர் செய்வதைப் பார்த்தும், அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதியும் தொழிலைப் பிடித்தேன். ஆட்கள் சொல்லும் நல்ல வசனங்களையும் அதே கொப்பியில்தான் எழுதுவேன். "பொக்கெட் துவக்கு பொக்கெட்டுக்குத்தான் வசதி, கைக்கு இல்லை" என்பது மைஸ்டரின் வசனம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அன்று மைஸ்டர் பல் பிடுங்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

ஃபிராவ் லிண்ட்னர் ஃபோர்ட்ஸ்ஹைம் பக்கத்தில் நகை செய்யும் சிறு தொழிலகத்தின் விற்பனையாளர். மாதிரி நகைப் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அதனால் ஆயுதம் கொண்டு திரியும் அனுமதி அவருக்கு இருந்தது. அதே தொழிலகத்தில் நகை மினுக்கும் வேலை செய்தவர் மன்னாரைச் சேர்ந்த பிலோமினா அக்கா. "எங்கடை தம்பி ஒருத்தன் அங்கை நிக்கிறான்" என்று சொல்லி லிண்ட்னரை எங்களிடம் அனுப்பியவரும் அக்காதான்.

லிண்ட்னர் வந்ததும் கதிரையில் உட்காரவில்லை. ஜெர்மனில் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்; ரவை என்பது தோட்டாதான்.

"ஹெர் சிவா, இருக்கிறதிலை பலமான ரவை எது?"

"என்ன நடந்தது?"

"போன கிழமை பெற்றோல் அடிக்கேக்கை ஒருத்தன் பெட்டியிலை கை வைச்சிட்டான். நான் கத்தினன், ஓடிட்டான். அடுத்தவன் ஓட மாட்டான்."

சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றினார்.

முனையில் குழி விழுந்த, உடம்பில் பட்டதும் விரியும் தோட்டாவைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் ஜெர்மனியில் அதைப் பொதுமக்களின் கைத்துப்பாக்கிக்கு விற்க முடியாது. சொன்னேன். முகம் விழுந்துவிட்டது.

"அப்ப உதிலை இருக்கிறதுக்குள்ளை பலமானது."

எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று தட்டை முனை, கொஞ்சம் வேகம் கூடியது. மற்றது சாதாரண உருண்டை முனை. அவர் தட்டை முனைப் பெட்டியில் கை வைத்துவிட்டார்.

"பொறுங்கோ, உங்கடை துவக்கு என்ன சொல்லுது எண்டு கேப்பம்" என்றேன்.

பழைய ஏழு தோட்டாக்களையும் மேசையில் கொட்டிவிட்டு, அவருடைய துப்பாக்கியைக் கீழ்த்தளத்தில் சுட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டிக்குக் கொண்டுபோனேன். தட்டை முனையில் மூன்றாவதே சிக்கியது. குண்டின் விளிம்பு குழாயின் வாசலில் முட்டி, முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடு பாதியில் நின்றது. சின்னத் துப்பாக்கியில் வழி குறுகல், கோணம் செங்குத்து. உருண்டை முனை இருபது போட்டேன், ஒன்றும் சிக்கவில்லை.

மேலே வந்து சொன்னேன்: "பலம் பிறகு. முதலிலை ஒவ்வொரு தரமும் வெடிக்க வேணும். அதோடை உங்கடை கைக்கு அடங்க வேணும். இரண்டாவது சூடு முதலாவது பட்ட இடத்துக்குக் கிட்டப் போகாட்டி, பலத்தை வைச்சு என்ன செய்யிறது?"

மனமில்லாமல்தான் உருண்டை முனைக்குச் சம்மதித்தார். "நீங்கள் சொல்லுறீங்கள் எண்டு எடுக்கிறன். ஆனா எனக்கு இன்னும் பயமாத்தான் கிடக்கு."

பேச்சை மாற்ற, துப்பாக்கியை எப்படிப் பராமரிக்கிறார் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குப் போனதும் தோட்டாக்களை வெளியே எடுப்பாராம். சட்டப்படி துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா இன்னொரு பெட்டியில். காலையில் திரும்பப் போட்டு, ஸ்லைடை இழுத்து விட்டு, ஒன்றைச் சுடும் அறைக்குள் ஏற்றுவாராம்.

"எப்பவும் ஒண்டே தேயக்கூடாதெல்லோ? அதாலை முறை வைச்சிருக்கிறன். இண்டைக்கு மேலை நிண்டது நாளைக்குக் கீழை போகும். ஏழுக்கும் சமமா வேலை. இரண்டு வருசமா ஒரு நாளும் பிழைக்கேல்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களைப்போல ஒழுங்கான ஆளை நான் காணேல்லை" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இண்டைக்குச் சுட்டுப் பழகிற றேஞ்சுக்குத்தானே போறியள், முதல் பழசைச் சுட்டு முடியுங்கோ, பிறகு புதுசிலை அம்பது சுட்டுக் கையைப் பழக்குங்கோ" என்றும் சொன்னேன். பழைய தோட்டாவைக் காலாகாலத்தில் சுட்டுத் தீர்ப்பது நல்ல பழக்கம் என்று மைஸ்டர் சொல்லிக் கேட்டிருந்தேன். அதை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் துப்பாக்கியையும் புதுப் பெட்டி ஒன்றையும் எடுத்து, பழைய தோட்டாக்களைத் தகரப் பெட்டியில் வாரிப் போட்டுக்கொண்டு போனார். ஒன்று துணிக்கு அடியில் உருண்டது எங்கள் இருவருக்கும் தெரியாது.

3. தொலைபேசி

வேர்னியரைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு காலையும் ஸ்லைடு அறையும்போது குண்டின் முனை வாசலில் இடிபடும். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லை. ஐம்பது, அறுபது தடவை என்றால் மயிரிழை மயிரிழையாக உள்ளே போகும். சோம்பேறியாக இருந்திருந்தால் ஒரே ஒரு தோட்டாதான் கெட்டிருக்கும். அவர் நேர்மையான மனுசி. ஏழு தோட்டாக்களையும் சமமாகக் கெடுத்திருந்தார்.

அப்போது கைபேசி ஏது? அவரைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் தொழிலகத்துடையது; அங்கே அடித்தேன். அலுவலகத்தில் மதிய இடைவேளை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்து, வாயில் சாப்பாட்டுடன், "ஹலோ, பிற்றே?" என்றார்கள். பிலோமினா அக்காவின் குரல்.

"அக்கா! நான் சிவா."

"தம்பியே! இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறன். என்ன இந்த நேரம்?"

"லிண்ட்னர் அங்கை நிக்கிறாவோ?"

"ஓம், காது மூடி எடுக்க வந்தவ. இப்பதான் படியாலை இறங்கிறா. ஏன், காசு குடுக்காமல் வந்திட்டாவோ?"

"அக்கா, ஓடுங்கோ! அவவை மறியுங்கோ. அந்தப் பழைய ரவையைச் சுடக்கூடாது. சுட்டால் கை போயிடும்."

"மாதாவே!"

ரிசீவர் மேசையில் விழும் சத்தம். பிறகு செருப்புச் சத்தம். பிறகு மினுக்கும் இயந்திரம் ஒன்றின் இரைச்சல் மட்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"போயிட்டா, தம்பி. கார் வாசலைக் கடந்திட்டுது. நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினன். அவவும் கையைக் காட்டிப்போட்டுப் போறா."

"றேஞ்சின்ரை நம்பர் தெரியுமோ?"

"எனக்கென்னெண்டு தெரியும்? பொறும், அவவின்ரை மேசையிலை ஒரு சின்னக் கொப்பி இருக்கு. அடுத்தவையின்ரை லாச்சியைத் திறக்கிறன், கடவுள் மன்னிக்கட்டும்."

நம்பர் கிடைத்தது. றேஞ்ச் அங்கிருந்து கால் மணி நேர ஓட்டம். உடனே அடித்தேன், எவரும் எடுக்கவில்லை. மூன்று நிமிடம் விட்டு அடித்தேன், எடுக்கவில்லை. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கார் எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றால் நான் போய்ச் சேர முன்னர் அவர் சுட்டு முடித்துவிடுவார். கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போகவும் முடியாது, சுவர் நிறையத் துவக்கு.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒருவர் எடுத்தார். றேஞ்சின் பொறுப்பாளர், பெயர் ஷ்டோல். பின்னால் வெடிச் சத்தம் கேட்டது.

"ஃபிராவ் லிண்ட்னர் சுடுறாவோ? உடனை நிப்பாட்டுங்கோ!"

"ஆர் கதைக்கிறது?"

பட்டறையின் பெயரைச் சொன்னேன்.

"அந்த மைஸ்டரின்ரை குரல் எனக்கு இருபது வருசமாத் தெரியும். இது அவர் இல்லை."

"நான் அவரிட்டை வேலை செய்யிறன்."

"பேர்?"

"சிவபாதசுந்தரம்."

"எழுத்து எழுத்தாச் சொல்லும்."

வேறு மொழிக்காரன் ஒருவன் போன் எடுத்து, சுடுவதை நிறுத்து என்றால் அவரும் சந்தேகப்படத்தான் செய்வார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் 'எஸ்' என்றேன், 'ஐ' என்றேன். பின்னால் இன்னொரு வெடி. இந்த நாட்டுக்கு வந்து ஒரு ஜெர்மன்காரரைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

"என்ரை பேரை நாளைக்கு எழுதுங்கோ! இப்ப போய் அவவின்ரை ஒரு பழைய ரவையையும் ஒரு புதுசையும் மேசையிலை பக்கத்திலை பக்கத்திலை நிப்பாட்டிப் பாருங்கோ. பாத்தா உங்களுக்கு விளங்கும்!"

ரிசீவரை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை, மேசையில் கிடத்தியிருந்தார். கதவு திறக்கும் சத்தம். அந்த இடைவெளியில் ஒரு வெடி கேட்டது. முன்னையவை போல் இல்லை. காய்ந்த பலகையை முறித்ததுபோல் இருந்தது. அதன் பிறகு, "நிப்பாட்டு! எல்லாரும் நிப்பாட்டு!" என்று ஷ்டோல் கத்துவது கேட்டது.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் கும்பிடாத மாதாவையும் அன்று கும்பிட்டேன்.

"ஹெர் சிவா?" லிண்ட்னரின் குரல்.

"கை?"

"கை இருக்கு. மூண்டு சுட்டன். மூண்டாவதுக்கு உள்ளங்கையிலை ஆரோ சுத்தியலாலை அடிச்ச மாதிரி இருந்தது. பெருவிரல் கறுத்துப் போச்சு, கன்னத்திலை ஒரு கீறல். கண்ணாடி போட்டிருந்தன்."

"மிச்சம் மூண்டும்?"

"ஷ்டோல் புதுசோடை வைச்சுப் பாக்கிறார். பாத்த உடனை கதிரையிலை இருந்திட்டார்."

4. மைஸ்டரின் லாச்சி

மூன்று மணிக்கு மைஸ்டர் வீங்கிய கன்னத்துடன் வந்தார். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மனுசி தன் பழக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது பாராட்டிக்கொண்டு நின்றதையும், பழசைச் சுடச் சொன்னதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அவர் அந்தக் குள்ளத் தோட்டாவை விளக்கின் கீழ் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய் லாச்சியைத் திறந்தார். பட்டறையிலிருந்து துவக்குகளைக் கொண்டுபோகும்போது அவரும் ஒரு சின்னத் துப்பாக்கி வைத்திருப்பார். அதை எடுத்து, தோட்டாக்கள் நிற்கும் மகசினைக் கழற்றினார். மேலே நின்ற தோட்டாவை எடுத்து, வேர்னியரில் வைத்தார். அளவைப் படித்தார். பிறகு வேர்னியரை என் பக்கம் திருப்பினார். அதுவும் குள்ளம்.

"முப்பது வருசமா ஆக்களுக்குப் புத்தி சொல்லுறன்" என்றார். "என்ரையை நான் அளக்கேல்லை."

திங்கட்கிழமை லிண்ட்னர் வந்தார். துப்பாக்கியின் உடலில் மயிர்போல ஒரு வெடிப்பு, அதை இனிப் பாவிக்க ஏலாது. கிழிந்த கோதை மேசையில் வைத்துவிட்டு, நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையால் மறித்தார்.

"நீங்கள் சொல்லாட்டி, நான் அதைச் சுடாமல் ஒவ்வொரு நாளும் ஏத்திக்கொண்டே இருந்திருப்பன். பிறகு பெற்றோல் அடிக்கிற இடத்திலை, கண்ணாடியும் இல்லாமல், அவனுக்கு முன்னாலை சுட்டிருப்பன்."

அந்தப் பேச்சு எனக்கு ஆறுதலாக இருந்தாலும் நான் அதை முழுதாக ஏற்கவில்லை. அவர் பழக்கத்தை நான்தான் கேட்டேன், அதில் இருந்த ஆபத்து என் காதில் விழவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எந்தத் தோட்டா நல்லது என்று விவாதிக்க உலகமே தயார். எடை, வேகம், முனை என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். நல்ல தோட்டாவை ஒருவருடைய அன்றாடப் பழக்கம் கெடுத்துவிடும். அதுவும் ஒழுங்கான ஆட்களின் பழக்கம்தான் கூடுதலாகக் கெடுக்கும். ஒரு தடவை அறைக்குள் ஏற்றி இறக்கியதை அளந்து பார்க்க வேண்டும். இரண்டாம் முறையும் ஏற்றியிருந்தால் அதைத் திரும்ப ஏற்றக்கூடாது, சுடவும் கூடாது, எங்களிடம் கொண்டுவந்து தர வேண்டும். கடையில் அதற்கென்றே மைஸ்டர் ஒரு சிவப்புத் தகரப் பேணி வைத்தார்.

நான் ஓய்வு பெறும்வரை, சின்னத் துப்பாக்கிக்குத் தோட்டா கேட்டு வந்தவர்களிடம் "என்ன வகை வேணும்?" என்று முதலில் கேட்டதில்லை. "பின்னேரம் வீட்டை போனதும் என்ன செய்யிறனீங்கள், ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்று, மருந்தில்லாத ஏழு பொம்மைத் தோட்டாக்களைக் கையில் கொடுப்பேன். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்கே போனார். செய்து காட்டியவர்களுக்கு, அவர்கள் செய்து முடிக்கும்வரை நான் வாய் திறந்து நல்லது என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.