எந்தப் பசங்க?

சில வருஷங்களுக்கு முன் என் கணவருக்கு மலேயாவில் ஒரு கடலோரச் சிற்றூரின் ஜவுளிக் கடையில் வேலை கிடைத்தது. காஞ்சிபுரத்திலிருந்து நானும் அவரோடு கப்பலேறினேன். கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடித்தனம். அவர் கீழே இறங்கிவிட்டால் பேச ஆள் கிடையாது. ஊர் பாஷையும் தெரியாது. சுவரையே பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கவே, ஒரு பகலில் கடற்கரைக்குக் கிளம்பினேன்.

கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கோடையில் எங்கள் தாமல் ஏரி வற்றினால் நடு ஏரிவரை நடப்போம். மழை பெய்தால்தான் தண்ணீர் திரும்பும். அதே நினைப்பில் ஈர மணலில் நடந்துபோய், தூரத்துப் பாறையில் ஏறி உட்கார்ந்தேன்.

மீன் விற்கும் ஒரு மலாய்க்கார அம்மா கரையிலிருந்து, "பசாங்! பசாங்!" என்று கத்தினாள். என் காதில் "பசங்க" என்றுதான் விழுந்தது. எவனோ வம்புக்கு வருகிறான் என்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலாபக்கமும் தேடினேன். ஒருவரையும் காணோம். நடந்து வந்த மணலையும் காணோம்! சுற்றிலும் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. சத்தமே இல்லாமல் அது பாறைமேல் என் கணுக்கால்வரை ஏறிவிட்டது.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான் படகில் வந்து என்னைக் கரை சேர்த்தார். தகவல் கேட்டு ஓடிவந்திருந்தார் என் கணவர்.

"அந்தம்மா அவ்ளோ கத்திக்கினு இருக்குது, நீ இன்னாம்மா வேடிக்க பாத்துக்கினு இருந்த?"

"பசங்க வராங்கன்னு நெனச்சேங்க."

"எந்தப் பசங்க? பசாங்னா கடல் ஏறுதுன்னு அர்த்தம்மா!"

இப்போது காஞ்சிபுரத்தில்தான் இருக்கிறோம். அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் அவசரமாக ஏதாவது கூவினால், அர்த்தம் யோசிப்பதற்கு முன் என் காலடியைப் பார்த்துக்கொள்கிறேன்.