சீட்டுக்கு அடியில் ஒரு கல்

பிரேக் இன்ஸ்பெக்டர் காரை மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுக்கச் சொன்னார். ராக்கையா எடுத்தார். கார் பின்னால் உருண்டது. சட்டென்று பிரேக்கை மிதித்து நிறுத்திய ராக்கையா, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்து சன்னல் வழியே நீட்டினார்.

"சார், இத மட்டும் பின் வீலுக்குக் குடுத்திருங்க. அசையாது."

இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார். "கல்லுக்கு நான் சர்ட்டிபிகேட் எழுத முடியாதுங்ணா. முன்னாடி கடக்கு கடக்குன்னு சத்தம் வேற வருது, சஸ்பென்ஷன்ல ரப்பர் புஷ் தேஞ்சு போயிருச்சுங்க. ரெண்டையும் சரி பண்ணிட்டு வாங்க."

பதினைந்து வயது முடியப்போகும் கார். ஆர்.சி. காலாவதியாக எட்டு நாள் இருந்தது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் தெருவில்தான் நிற்கும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ராக்கையா, நெருப்பெரிச்சல் என்ற பனியன் ஊரில் இருபத்தாறு வருடமாக நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மனைவி சந்தனம் பனியன் கம்பெனியில் செக்கிங், கறையும் ஓட்டையும் பார்த்து ஒதுக்கும் வேலை. நான்கு மாதத்துக்கு முன் வாதம் வந்து அவளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் அவிநாசி ரோட்டில் பிசியோதெரபி. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், விடாமல் வாருங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மடங்கிக் கிடந்த விரல்களில் இரண்டு இப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. ஆட்டோவில் ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். பிடித்து உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்ததில், பலமில்லாத தோள் மூன்று நாள் வலித்தது.

காரிலும் வம்பு இருந்தது. வீடு இருப்பது சரிவான சந்து. போன வாரம் வீல் சேரிலிருந்து அவளைச் சீட்டுக்கு மாற்றும்போது கல் நழுவிக் கார் ஒரு சாண் நகர்ந்தது. சந்தனத்தின் முழங்காலில் கதவு இடித்துக் கன்றிப்போனது. "இனிமே கல்லை நம்பி நான் ஏற மாட்டேன்" என்று அன்றே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

மெக்கானிக்கிடம் விட ராக்கையாவுக்கு மனம் வரவில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஊசி ஓடும் மெஷினைப் பிரித்து மாட்டுகிறவருக்கு நாலு சக்கரம் ஒரு வேலையா? வேல்குமாரின் ஸ்பேர்ஸ் கடையில் புஷ், ஷாக் அப்சர்பர், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஷூ எல்லாம் வாங்கினார். லீவு போட்டு, காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு நாளில் மாட்டி முடித்தார். முடித்த கையோடு, பின் சக்கர டிரம்முக்குள் இருந்த ஒவ்வொரு மூட்டுக்கும் தாராளமாக நிட்டிங் ஆயில் விட்டார். அசைவது எதுவானாலும் எண்ணெய் கேட்கும். எண்ணெய் காணாத ஊசி உடையும். அவர் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

ஓட்டிப் பார்த்தார். வேகத்தடையில் சத்தமே இல்லை. சந்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். கார் உருண்டது. கேபிளை இறுக்கினார். அப்போதும் உருண்டது. மூன்று நாள் இறுக்குவதும் உருளுவதுமாகப் போனது. தெரபி இரண்டு தடவை தவறியது.

ஐந்தாம் நாள் டிரம்மைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வீல் சேரில் இருந்த சந்தனம் இடது கையை நீட்டினாள். "அந்த வேஸ்ட் துணியை இங்க குடுங்க."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "என்ன கறை?"

"எண்ணெதான். தொவைச்சா போயிரும்."

"இருபது வருசமா நிட்டிங்காரங்க சொல்ற பதிலுதான். எதுல தொடச்சீக?"

"ஷூவுல."

"அது என்ன செய்யும்?"

"டிரம்மைப் பிடிக்கும்ளா. பிடிச்சாத்தான் நிக்கும்."

"பிடிக்க வேண்டிய எடத்துல எதுக்கு எண்ணெ? என் கைக்கு எண்ணெ தேய்ச்ச கையோட என்னையத் தூக்கி நழுவ விட்டீகளே, மறந்து போச்சா?"

ராக்கையா ஸ்பேனரைக் கீழே வைத்தார். சந்தனம் தன் பழைய பையிலிருந்து, கோளாறான பீஸில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து நீட்டினாள். அவர் மறுக்காமல் வாங்கி டிரம்மின் வெளிப்பக்கத்தில் ஒட்டினார்.

வேல்குமாருக்குப் போன் போட்டார். பெட்ரோலில் கழுவி மாட்டலாமா என்று கேட்டார்.

"எண்ணெ ஊறுன ஷூவக் கழுவி என்னங்ணா பண்றது? தூக்கிப் போட்டுட்டு வேற செட் வாங்கிக்குங்க. ஆமா, ஷூவுக்கு யாருங்ணா எண்ணெ உட்டது?"

"யாரோ ஒரு ஃபிட்டர்" என்றார் ராக்கையா.

டிரம்மின் உள்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, புது ஷூவைக் காய்ந்த கையோடு மாட்டினார்.

ஏழாம் நாள் அதே மேடு. காலை எடுத்தார். கார் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தார். பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "இதென்னங்ணா, அம்பு?"

"ஊட்டுக்காரி செக்கிங் சார். அவ ரிஜெக்ட் பண்ணுனது."

"நமக்கு முன்னாடியே பண்ணிட்டாங்களா? செரி, நம்ம கணக்குல பாஸுங்க."

மறுநாள் காலை சந்தில் காரை நிறுத்தினார். சந்தனம் ஏறவில்லை. "கல்லு எங்க?"

"கல்லு வைக்கல."

"சீட்டுக்கு அடியில?"

எடுத்து வாசல் ஓரமாகப் போட்டார். வீல் சேரின் பிரேக்கைப் பூட்டினார். தன் முழங்காலை அவளுடைய வலது முழங்காலுக்கு அணை கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்தார். அவள் இடது காலில் எழுந்து, கதவைப் பிடித்து, முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். கார் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒம்பதரைக்கு வரச் சொன்னாக. பாத்துக்கிட்டே நிக்காம வண்டிய எடுங்க."