செவ்வந்தி ஒயின்ஷாப்புக்குப் போனாள்

ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களில் செவ்வந்தி வேகமானவள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடி, இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் விரல்களை ஓட்டிக்கொண்டே போவாள். கரையேறியதும் மற்ற பெண்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள். செவ்வந்தி நிற்பதில்லை. வீட்டில் விமல் தனியாக இருந்தான்.

விமல் அவளுடைய ஒரே பிள்ளை, பதினாறு வயது. கொரோனா காலத்தில் பாடம் படிக்க வாங்கிய போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அவன் கையைவிட்டு இறங்கவில்லை. முதலில் விளையாட்டு. பிறகு முகம் தெரியாதவர்களோடு விடிய விடியப் பேச்சு. தூக்கம் போனது. அப்பன் கிருஷ்ணன் மிச்சம் வைத்த பாட்டிலைத் திருட்டுத்தனமாகக் குடிக்க ஆரம்பித்தான். அப்புறம் அதற்கும் கூட்டாளிகள் கிடைத்தார்கள். தான் குடிப்பதைத் தானே படம் பிடித்துப் போட்டான். எங்கெங்கோ இருந்தவர்கள் பார்த்துவிட்டு அவனைத் 'தலைவா' என்றார்கள். ஊரில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டான்.

படகில் கூலிக்குப் போகிற கிருஷ்ணன் ஒருநாள் அந்தப் போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்து உடைத்தான்.

"இனிமே வூட்டவுட்டு வெளிய வந்தே, கால ஒடச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, அவன் குடிக்கப் போனான்.

அடுத்த நாள் விமலுக்குக் கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வேர்த்து ஊற்றியது. சுவரில் தலையை முட்டினான். செவ்வந்தி அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அங்கேயும் முட்டினான்.

"எம்மா, இன்னாவோ ஆவுதும்மா எனக்கு. ஒடம்பெல்லாம் பூச்சி ஊறுது. எதுனா பண்ணும்மா."

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒயின்ஷாப்புக்குப் போனாள்.

அந்தக் கடையை மூடச் சொல்லி ஊர்ப் பெண்களோடு ரோட்டில் உட்கார்ந்தவள் அவள். இப்போது ஆண்கள் நின்ற வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பக்கத்துத் தெரு ஜேம்ஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா செவ்வந்தி, கிருஷ்ணனால நடந்து வர முடியலியா?"

"ஆமா" என்றாள்.

குடித்ததும் விமலின் நடுக்கம் நின்றது. அவள் மடியிலேயே தூங்கிப்போனான். சின்ன வயதில் தூங்குவதுபோல வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பிள்ளை பிழைத்துவிட்டான் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உணர்ந்தபோது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். ஆனாலும் பாட்டில் தீர்ந்ததும் திரும்பப் போனாள். அதற்கப்புறம் போகாமல் இருக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம், விமலோடு படித்த பக்கத்து வீட்டு மாலதி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அத்தே, விமல் லைவ்ல வந்துகிறான். பாரேன்."

கூட்டாளி யாருடைய போனையோ வாங்கிக்கொண்டு போயிருந்தான். படகு ஒன்றின் விளிம்பில், கையில் பாட்டிலோடு, கன்னமெல்லாம் கண்ணீராக உட்கார்ந்திருந்தான். பின்னால் ஏரியில் நட்ட வலைக்கழிகள். அவன் முகத்தின் மேல் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. செவ்வந்திக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னாடி எழுதுறாங்க?"

மாலதி போனை மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டாள்.

"சொல்லுடி!"

"குதி, குதின்னு போடுறாங்க அத்தே."

அந்தக் கழிகள் எங்கே என்று செவ்வந்திக்குத் தெரியும். கத்திக்கொண்டு கரைக்கு ஓடினாள். அங்கே வலை உதறிக்கொண்டிருந்த கிருஷ்ணன் அதைப் போட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த படகைத் தள்ளினான். அவர்கள் கழிகளை நெருங்கியபோது விமலின் படகு காலியாக இருந்தது. நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆனால் நிதானமில்லாத பிள்ளை மூழ்க அது போதும். செவ்வந்தி குதித்து, சேற்றில் இறால் தேடும் கைகளால் மகனைத் தேடினாள். சட்டை சிக்கியது. இழுத்தாள்.

படகில் போட்டு முதுகில் தட்டியதும் இருமினான். மூச்சு வந்தது. விமல் இருந்த படகில் நிறுத்தி வைத்திருந்த போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணன் அதைக் கையில் எடுத்தான்.

"யார்ரா நீங்கல்லாம்?" என்று அதைப் பார்த்துக் கேட்டான். "எங்கடா கீறீங்க?"

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விசாரித்தபோது செவ்வந்தி ஒன்றையும் மறைக்கவில்லை.

"நான்தாம்மா வாங்கிக் குடுத்தேன். நடுங்குனான். பாக்க முடியல."

டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த நடுக்கமே ஒரு வியாதிம்மா. அன்னைக்கே இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லி, சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். சென்னையில் குடிகாரர்கள் பிரிவுக்குப் போனால், சின்னப் பையன், குழந்தைகள் பக்கம் போங்கள் என்றார்கள். குழந்தைகள் பக்கம் போனால், குடிக்கிற பையனை இங்கே வைக்க முடியாது என்றார்கள். ஈரம் காயாத புடவையோடு அவள் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நடந்தாள். கடைசியில் ஒரு நர்ஸ் இரக்கப்பட்டுக் கட்டில் பிடித்துக் கொடுத்தாள்.

இப்போது விமல் வீட்டில் இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான். குடி நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. போன வாரம்கூட ஒருநாள் தள்ளாடிக்கொண்டு வந்தான். போன் கேட்டுச் சண்டை போடுகிறான். கிருஷ்ணன் வெளியே குடித்துவிட்டுப் படகிலேயே படுத்துக்கொள்கிறான். தன் குடியை மட்டும் விடவில்லை. செவ்வந்தி தூரத்துக்குப் போய் இறால் பிடிப்பதை நிறுத்திவிட்டாள். கரையோரத்தில் கிடைப்பது குழம்புக்கே போதாது. ஆனால் அங்கிருந்து நிமிர்ந்தால் வீட்டு வாசல் தெரியும்.

மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தத் தடவை பஸ் நிறுத்தத்தில் விமல் திடீரென்று கேட்டான்.

"அன்னிக்கி ஏம்மா வந்தே? வுட்டுருக்கலாம்ல?"

அவள் அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் வருது. ஏறுடா."

கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். கண்டக்டர் விசில் ஊதப்போனார்.

ஏறினான்.