அக்கா இழந்த ஓராண்டு

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம்.

புதுச்சத்திரத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் பிறந்து, சேலத்தில் படித்தவர் அக்கா. எழுபதுகளில் அவர் எம்.ஏ. உளவியல் சேர்ந்ததற்கே, "பைத்தியத்துக்குப் படிக்குதாமா" என்று ஊரில் சிரித்தார்கள். அவரோ டாக்டர் பட்டத்துக்கே துணிந்தார். புத்தகத்தைப் படித்து எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும் பட்டமல்ல அது. மனநல மருத்துவமனையில் மூத்தவர்களின் மேற்பார்வையில் ஓராண்டு நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அந்தப் பயிற்சி இடையில் அறுபடக் கூடாது. அதன் பிறகே ஆய்வேடும், தேர்வாளர்கள் முன் வாய்மொழித் தேர்வும்.

பயிற்சி முடியும் தறுவாயில்தான் சங்ககிரி அருகே நான் ஓட்டி வந்த லாரி விபத்தில் சிக்கியது. உடன் வந்த மாற்று டிரைவர் இறந்துவிட்டார். என் உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் பேச்சு நின்றது, சோறு இறங்கவில்லை. கிணற்று மேட்டிலிருந்து என்னை இழுத்து வந்தார்கள். செய்தி கேட்டதும் அக்கா புறப்பட்டு வந்துவிட்டார்.

"நீயே பாத்துரு சாமி. தம்பிக்கு ஆகாத படிப்பு எதுக்கு?" என்று அப்பா கொதித்தார்.

"சொந்தத்துக்கு நானே பாக்கக் கூடாதுங்கப்பா. வேறொருத்தர் பாக்கோணும். நான் அக்காளாக் கூட இருக்கறேன்."

சேலத்தில் வேறொரு மருத்துவரிடம் வாரந்தோறும் அழைத்துப் போனார். நான் உள்ளே பேசி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்ன பேசினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் தேறினேன். அவருடைய பயிற்சிதான் அறுந்துபோனது. முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள், செய்தார்.

"புள்ள பெயிலாயிருச்சாட்ட இருக்குது" என்று நம் சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மை தெரிந்தால் எனக்குப் பெண் அமையாது என்று அப்பா அஞ்சிய நேரம் அது. அக்கா வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை; ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நெசத்தைச் சொன்னா என்னக்கா?"

"அது உன்ற விசயஞ்சாமி. உனக்குத் தோணறப்ப நீதான் சொல்லோணும்."

வாய்மொழித் தேர்வுக்கு அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து, நானே லாரி ஓட்டிப் போனேன். அவையிலிருந்து யாரும் கேட்கலாம் என்று தலைவர் சொன்னதும் அப்பா எழுந்து, "ஏனுங்க, எம்புள்ள பாஸுங்களா?" என்றார். அரங்கமே சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை நாமக்கல்லில் எத்தனையோ குடும்பங்களின் துயரத்தைக் கேட்டார். எதுவும் அவர் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை.

கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், அன்று என்னைத் தேற்றிய சேலத்து மருத்துவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா பெயிலாகவில்லை. அந்த ஓராண்டு எனக்காகப் போனது. சொல்லிவிட்டேன், அக்கா.