மச்சான் பிடித்த கயிறு

கிண்ணியாவில் சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும். சொந்தத் தம்பி பிடித்தால் ஆகாதா என்று கேட்டால் சிரிப்பார்கள். தம்பிக்கு வாப்பாவின் காணியில் ஒரு கண் இருக்கலாம். தன் தங்கச்சி வெள்ளைச் சேலை உடுப்பதை எந்த அண்ணனும், எந்தக் காக்காவும் விரும்ப மாட்டான்.

அபூதாஹிர் அப்படித்தான் ஆதம்பாவாவுக்குக் கயிறு பிடிக்க வந்தார். தங்கை ஸாலிஹாவின் கலியாணம் முடிந்த கையோடு கிடைத்த உத்தியோகம் அது. தோணியில் குந்தியிருந்து கயிறு பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பண்ணுகிறவர்கள் ஒருநாள் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். கீழிருந்து கயிறு ஒரு தரம் சுண்டினால், இன்னும் விடு, ஆழம் போகிறேன் என்று அர்த்தம். இரண்டு தரம் சுண்டினால் தூக்கு என்று அர்த்தம். ஆதம்பாவா இறங்கியதும் அபூதாஹிரும் மேலே மூச்சை அடக்கிக்கொள்வார். தன் நெஞ்சு முட்டும்போது கீழே இருக்கிறவனுக்கும் முட்டும் என்பது அவருடைய கணக்கு. துறைமுகத்தில் கப்பல்காரர் தவறவிட்ட நங்கூரத்தைத் தேடவும் இந்த இருவரையும்தான் கூப்பிட்டார்கள். மச்சானை அவர் ஒருநாளும் கீழே தவறவிட்டதில்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டு ஆதம்பாவாவின் தொண்டையில் கட்டி வந்தது. குரல் கரகரத்தபோது உப்புத்தண்ணீரின் வேலை என்றார்கள். சோறு இறங்காமல் போனபோது கொழும்புக்கு அனுப்பினார்கள். அபூதாஹிரும் கூடவே போனார். உடுப்பு வைத்த பெட்டியைக் கட்ட வேறு கயிறு இல்லாததால் தான் பிடிக்கும் தோணிக் கயிற்றிலேயே ஒரு துண்டை வெட்டிக் கட்டினார்.

புற்றுநோய்தான் என்றார்கள். கிழமைக் கணக்கில் கரண்ட் பிடிக்க வேண்டுமாம். கட்டியில் கதிர்வீச்சு அடிப்பதைச் சனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதல்நாள் ஆதம்பாவாவைக் கட்டிலில் கிடத்தி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அசையாமல் கிடப்பதென்றால் சுழியோடிக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூச்சை அடக்கினார். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அபூதாஹிரும் பழக்கதோஷத்தில் அடக்கினார். மெஷின் நிற்கிற வழியாக இல்லை. அபூதாஹிருக்கு நெஞ்சு முட்டியது. எழும்பிப் போய்க் கதவில் அடித்தார். உள்ளே ஆதம்பாவா இருமி, புரையேறி, மூட்டையைத் தள்ளிவிட்டு எழும்பியிருந்தார். மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாளும் அதே கதை. கட்டியில் படவேண்டியது வேறிடத்தில் பட்டால் பெரிய ஆபத்து, இப்படித் துள்ளினால் வைத்தியத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அபூதாஹிர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அங்கே யோகம்மா என்றொரு தாதி இருந்தாள், கிண்ணியாவுக்குப் பக்கத்து உப்புவெளிப் பிள்ளை. ஊர்க்காரர் என்ற உரிமையில் ஆதம்பாவாவின் பக்கத்தில் வந்து இருந்தாள். "மூக்கால இழுங்கோ. வாயால மெல்ல விடுங்கோ. இழுக்கிறதிலயும் விடுறது நீளமா இருக்கோணும். மனசை மூச்சில மட்டும் வையுங்கோ, பயம் அடங்கும்" என்றாள்.

ஆதம்பாவா இல்லையென்று தலையாட்டினார். "தண்ணிக்குள்ள மூச்ச நினைச்சா மூச்சு முடிஞ்சிரும் பிள்ள. அத மறந்தாத்தான் நாங்க மேல வருவம்."

அபூதாஹிருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கடலில் அவ்வளவு ஆழம் போகிறவனுக்கு ஒரு கட்டிலில் கிடக்க ஏலாதா என்று கத்தினார்.

"கடல்ல நீ இருந்தாய் மச்சான்" என்றார் ஆதம்பாவா.

அபூதாஹிர் எழும்பிப் போனார். பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். மெஷின்காரர் முடியவே முடியாது என்றார். யோகம்மா டாக்டரிடம் போய் மன்றாடி அனுமதி வாங்கி வந்தாள். ஒரு முனை ஆதம்பாவாவின் மணிக்கட்டில், மறுமுனை கதவின் அடியால் வந்து அபூதாஹிரின் கையில். மூச்சை நினைக்க வேண்டாம், கயிற்றை மட்டும் நினை என்று மச்சானிடம் சொல்லியிருந்தார். மெல்ல இழுத்தால் மூச்சை இழுக்க வேண்டும். தளர்த்தினால் விட வேண்டும். இழுப்பது கொஞ்சம், தளர்த்துவது நீளம். ஆயுள் முழுக்க மச்சானோடு சேர்ந்து மூச்சை அடக்கியே பழகியவர், விடுவதற்கு யோகம்மாவிடம் வாங்கில் இருந்து பாடம் படித்திருந்தார். பார்த்த நோயாளிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆதம்பாவா அன்று அசையவேயில்லை. அதற்குப் பிறகும் அசையவில்லை.

கட்டி கரைந்தது. ஊருக்கு வந்து மீனும் சோறும் தின்றார். ஸாலிஹா நேர்ச்சைக்குக் கந்தூரி கொடுத்தாள். அந்தச் சந்தோஷம் அடுத்த மாரி வரைக்கும்தான். நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, இனிக் கதிர் பிடித்துப் பிரயோசனமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள்.

ஒரு பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம், மூச்சு எடுக்க ஏலாமல் ஆதம்பாவா தவித்தார். குரல் போயிருந்தது. சுவரில் மாட்டியிருந்த கயிற்றைக் கண்ணால் காட்டினார். அபூதாஹிர் அதை அவர் கையில் கட்டிவிட்டு, பாயின் கால்மாட்டில் குந்தினார். இழுத்தார், தளர்த்தினார். தவிப்பு மெல்ல அடங்கியது. இழுத்தார், தளர்த்தினார்.

அப்போது கயிறு ஒரு தரம் சுண்டியது.

அபூதாஹிர் காத்திருந்தார். இரண்டாவது சுண்டல் வரவில்லை. கை தானாகத் துடித்திருக்கும் என்று நினைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு தரம் சுண்டியது. இன்னொருக்கா சுண்டு மச்சான், தூக்கிவிடுகிறேன் என்று கெஞ்சினார்.

என்ன கேட்கிறார் என்று ஸாலிஹா கேட்டாள்.

"கயிறு கேக்கிறான்."

ஸாலிஹா கயிற்றை எட்டிப் பிடித்தாள். "குடுக்காதீங்க காக்கா."

"கேட்டு நான் எப்பயாவது குடுக்காம இருந்தனா, தங்கச்சி?" அபூதாஹிர் அழுதுகொண்டுதான் சொன்னார். எந்தத் தங்கச்சிக்காக அந்தக் கயிற்றை இவ்வளவு காலம் பிடித்தாரோ அவள்தான் முன்னால் இருந்தாள். அவளுடைய பிடி மெல்லத் தளர்ந்தது. அவர் கயிற்றை விடத் தொடங்கினார். சுருள் சுருளாக அது பாயில் இறங்கியது. கையில் நுனி மட்டும் மிஞ்சியது.

கயிறு பிறகு அசையவில்லை. அபூதாஹிர் நுனியைப் பிடித்தபடி முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, அப்படியே குந்தியிருந்தார். ஸாலிஹா புருஷனின் கண்களை மூடிவிட்டுத் திரும்பியபோதுதான் அதைக் கண்டாள். எழும்பி வந்து அவர் முதுகைத் தடவினாள்.

"மூச்ச விடுங்க காக்கா" என்றாள்.