வெர்னாவின் எல்லாம் போட்ட குக்கீ

மின்னசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா டாலெஃப்சனுக்கு எதிலும் கஞ்சத்தனம் கிடையாது, பேச்சிலும் சரி, குக்கீயிலும் சரி. மற்றவர்கள் மாவில் சாக்லேட் துண்டுகளைப் போட்டதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெர்னாவின் கை அங்கே நிற்காது. உலர்ந்த செர்ரி, தேங்காய்த் துருவல், நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ், வெள்ளியாய் மின்னும் சர்க்கரை உருண்டைகள் என்று அலமாரியில் இருப்பதெல்லாம் விழும். கிறிஸ்துமஸ் நெருங்கும் ஞாயிறுகளில், ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் எல்லோரும் காபிக்குக் கூடும்போது, முதலில் காலியாவது அவள் தட்டுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அந்த ஞாயிறு காலை மாவு பிசையும்போது காதுக் கருவியின் குட்டி வெள்ளிப் பேட்டரி தீர்ந்துபோனது. புதியதை மாட்டிக்கொண்டு, பழையதைக் கைக்கு எட்டிய கிண்ணத்தில் போட்டாள். எந்தக் கிண்ணம் என்பது, கூடத்தில் காபிக் கோப்பையை வாயருகே கொண்டுபோன பிறகுதான் உறைத்தது. சர்க்கரை உருண்டைக் கிண்ணம்! அதை அப்படியே மாவில் கவிழ்த்திருந்தாள். குழந்தை விழுங்கினால் தொண்டையையே அரித்துவிடும் சாமான் அது.

"யாரும் சாப்பிடாதீங்க! என் குக்கீல பேட்டரி விழுந்துருக்கு!"

பெரிய பிள்ளைகள் நாக்கால் வாயைத் துழாவிப் பார்த்தார்கள். "எங்களுக்கு வரல ஆன்ட்டி." ஆனால் இளம் தாய் காரியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் இடுப்பில் இருந்த இரண்டு வயது மகன் லேஃபின் கன்னமெல்லாம் சாக்லேட்.

"இவன் எதையும் மெல்லவே மாட்டானேக்கா! அப்படியே முழுங்கிடுவானே!"

"கெளம்பு காரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம். பனியாவது மண்ணாவது, நான் பஸ்ஸ எடுக்கறேன்." வெர்னாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கொஞ்சம் இரும்மா," என்றார் ஆர்வில். பால் பண்ணை வைத்திருந்த கிழவர், கையில் கத்தியோடு தட்டருகே நின்றார். அந்த ஊரில் தட்டில் மிஞ்சிய கடைசிப் பண்டத்தை யாரும் முழுசாக எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதி வெட்டிக்கொள்வார், அடுத்தவர் அதில் பாதி. வெர்னாவுக்கு இந்தப் பிகு கட்டோடு பிடிக்காது. ஆர்வில் காட்டிய தட்டில் கால்வாசிக் குக்கீ கிடந்தது.

"இதப் பாதியா வெட்டப் பாத்தேன். கத்தி எறங்கல."

"அத அப்பவே சொல்றதுக்கென்னண்ணே!"

"உன் குக்கீ கல்லா இருக்குன்னு சொன்னா நீ சும்மா விடுவியா?"

வெர்னா அதைப் பிய்த்தாள். செர்ரிக்கும் தேங்காய்க்கும் நடுவே சொகுசாகப் படுத்திருந்தது பேட்டரி. முழுசாக. யாரோ கடவுளுக்கு நன்றி சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள், ஆர்வில் கத்தியைத் துடைத்துக்கொண்டார்.

வெர்னா மட்டும் காரியைப் பார்த்தபடி நின்றாள். கிடைக்கப்போகும் திட்டு நியாயம்தான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தாள்.

"உக்காருங்கக்கா. கை எப்படி நடுங்குது பாருங்க."

வெர்னா உட்கார்ந்ததும் காரி லேஃபைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்தாள். வெர்னா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க ஓவென்று அழுதாள்.